கருவாட்டுக் கோலம்

பால் பாக்கெட்டை ட்ரோன் கொண்டுவந்து பால்கனியில் போட்டுவிட்டுப் போகிற காலம் வந்துவிட்டது. நிலாவில் மனை வாங்குகிறீர்களா என்று ஒரு கம்பெனி ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்து உயிரை வாங்குகிறது. ஆனால் சென்னையில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வி மட்டும் மாறவே இல்லை.

"நீங்க சைவமா, அசைவமா?"

வெண்தாமரை அடுக்ககத்தின் செயலாளர் ராமசேஷன் என்னிடம் அதைக்கூடக் கேட்கவில்லை. பெயரைத்தான் கேட்டார்.

"சங்கரலிங்கம்" என்றேன்.

"திருநெல்வேலிப் பக்கமோ?"

"அந்தப் பக்கம்தான் சார்."

பக்கம் என்றால் எவ்வளவு பக்கம், கடல் தெரிகிற தூரமா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. தூத்துக்குடி என்று நானும் சொல்லவில்லை. சிவபெருமான் பெயரைத் தாங்கியவன் நெத்திலியைத் தொடுவானா என்று அவராகவே முடிவுகட்டிச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: கட்டடத்துக்குள் மீன், கறி, கருவாடு சமைத்தால் ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும்.

என் மனைவி வடிவு அந்த வரியைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். இதற்கு முன் குடியிருந்த வீடுகளில் இருந்தெல்லாம் எங்களைக் கிளப்பியது கருவாடுதான். வடிவுக்கு அடுத்த தெருப் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. என் ஆய்வகமும் நடக்கிற தூரம்.

"இந்த வீடும் போச்சுன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். நீங்க ஒங்க லேபுலயே பாய விரிச்சுப் படுத்துக்கிடுங்க" என்றாள்.

"அப்ப கருவாட்ட விட்ருவமா?"

"அது எப்படிங்க முடியும்?" என்றாள், நான் ஏதோ மூச்சு விடுவதையே நிறுத்தச் சொன்னது போல.

ஆகவே ஜன்னலைச் சாத்தி, ஊதுபத்தி கொளுத்தி, கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்கள் மாதிரி ஞாயிறுதோறும் நெத்திலிக் கருவாடு பொரித்துச் சாப்பிட்டு வந்தோம். சில வாரம் புதன்கிழமையும்.

எல்லாவற்றையும் கெடுத்தது என் வாய்.

ஒருநாள் லிஃப்டில் ராமசேஷனும் நானும் மட்டும். அவர் ஓய்வுபெற்ற ரயில்வே சிக்னல் இன்ஜினியர். எதையும் சிவப்பா பச்சையா என்று கேட்டுத் தெளிகிற மனிதர்.

"நீங்க லேப்ல என்னதான் பண்றேள், சங்கரலிங்கம்?"

என் ஆராய்ச்சியைப் பற்றி உலகத்தில் யாரும் கேட்டதில்லை. என்னைப் பெற்றவர்கள்கூட. அதனால் அணை உடைந்துவிட்டது.

"ஒரு செமிகண்டக்டர் தூள் சார். ஊதா வெளிச்சம் காட்டினா மங்கலாச் செவப்பா ஒளிரும். காத்துல இருக்கிற சில வாயு அது மேல ஒட்டினா அந்த ஒளி கூடும், இல்ல குறையும். அத வச்சே காத்துல என்ன கலந்திருக்குன்னு சொல்லிரலாம்."

"ஒளி ஏன் கூடறது?"

"தூளோட மேல்பரப்பு குண்டும் குழியுமா இருக்கும் சார். வெளிச்சமா வர வேண்டிய எலக்ட்ரான் குழியில விழுந்து வீணாப் போயிரும். அமீன்னு ஒரு வாயு. அது வந்து குழியை அடைச்சிரும். எலக்ட்ரான் தப்பிச்சு வெளிச்சமா வெளிய வரும்."

"நம்ம தெருவுக்கும் அந்த அமீனைக் கொஞ்சம் வரச் சொல்லுங்கோ. சரி, அது எதுல இருக்கு?"

புத்திசாலி ஒருவன் இந்த இடத்தில் வாயை மூடியிருப்பான்.

"மீன்ல சார். மீன் கெடக் கெட அமீன் கூடும். ஐஸ் பெட்டியைத் திறக்காமலே மீன் கெட்டுப்போச்சான்னு பாக்கத்தான் இதையே செஞ்சோம்."

"கருவாடு?"

"கருவாடு பட்டா தீபாவளிதான் சார்!"

லிஃப்ட் நின்றது. அவர் இறங்கவில்லை. கதவு மூடாமல் காலை வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கோ. முன்ன ஒரு காய்ச்சல் வந்துதே, அதுல என் மூக்கு போயிடுத்து. மல்லிப்பூவும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒண்ணுதான். தினம் யாராவது வந்து 'செகரட்டரி சார், கருவாட்டு நாத்தம்'கறா. நானும் மாடி மாடியா மோந்து பாத்துட்டு 'ஆமாமா, நாத்தம்தான்'னு தலையாட்டறேன். எத்தனை நாள் ஓய் நடிக்கறது?"

அந்த நாற்றம் புறப்படும் ஸ்டேஷன் எது என்று தெரிந்த நான், அனுதாபத்தோடு தலையாட்டினேன்.

"உங்க தூளைக் கோலமாவுல கலந்துட்டா?" என்றார் அவர். "மார்கழி வரது. ஆளுக்கு ஒரு பொட்டலம் குடுத்துடலாம். கோலப் போட்டின்னு சொல்லுவோம். வராண்டா பூரா ஊதா விளக்கு. எந்த வாசல் பிரகாசமா எரியறதோ, அவா மாட்டிண்டா!"

முடியாது என்றால் ஏன் என்பார். விஷம் என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் எறும்பு தின்றாலும் ஒன்றும் ஆகாது என்று நான்தான் ஏற்கெனவே பெருமையடித்திருந்தேன்.

வீட்டில் சொன்னேன். வடிவு கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஊர்ல களவாணிகூடத் தன் கைக்கு விலங்கு செஞ்சு குடுக்க மாட்டான். நீங்க செஞ்சு, அளவும் சரியா இருக்கான்னு போட்டும் பாத்திருக்கிய."

"ஒரு வழி இருக்கு வடிவு. எலுமிச்சை. புளிப்பு அமீனைப் பிடிச்சு வச்சுக்கிடும். சாறுல துணியை நனைச்சுக் கதவிடுக்குல அடைச்சிட்டா வாசலுக்கு ஒண்ணும் போகாது."

"பி.எச்.டி. படிச்சது இதுக்குத்தானாக்கும்" என்றாள். ஆனால் மறுநாளே பை நிறைய எலுமிச்சம்பழம் வாங்கி வந்துவிட்டாள்.

மார்கழி முதல் நாள் மாலை ஊதா விளக்குகள் எரிந்தன. எல்லா வாசலிலும் கோலங்கள் அடுப்புத் தணல் போல மங்கலாக ஒளிர்ந்தன. சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. உளவு பார்க்கிற வேலையை இவ்வளவு லட்சணமாக யாரும் செய்திருக்க மாட்டார்கள். எங்கள் வாசலில் வடிவு போட்ட தாமரை பரம சாதுவாக இருந்தது. உள்ளே நெத்திலி பொரிந்துகொண்டிருந்தது.

முதலில் மாட்டியது கைக்குழந்தை இருக்கிற வீடு. கோலம் ஜொலித்ததும் பொருளாளர் தணிகாசலம் கதவைத் தட்டிவிட்டார். அந்தத் தாய் ஈர டயப்பர் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டி, "இதுதான் சார் எங்க வீட்டுக் கருவாடு, மோந்து பாக்குறீங்களா?" என்றாள். மூத்திரத்தின் அம்மோனியாவுக்கும் தூள் ஒளிரும் என்று நான் விளக்கியதை யாரும் கேட்கவில்லை. தணிகாசலம் அதற்குள் இரண்டு மாடி இறங்கியிருந்தார்.

அடுத்த நாள்தான் வெடித்தது. தரைத்தளத்தில் ஒரே கூட்டம். நடுவில் ராமசேஷனின் வாசல். அவர் மகள் வசுதா போட்ட பதினைந்து புள்ளிக் கோலம், அவர் சுற்றிச் சுற்றிக் குனிந்து ஆராய ஆராய, திருவிழா சீரியல் விளக்கு மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

"என்ன செகரட்டரி சார்!" தணிகாசலத்தின் குரலில் பல வருடக் காத்திருப்பு இருந்தது. "நாங்க ஏலக்காய் டீ குடிச்சாலே மூக்கை உறிஞ்சிக்கிட்டு வருவீங்களே. இன்னிக்கு வஞ்சிரமா, வவ்வாலா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொஞ்சம் அதிகமாகவே. செயலாளர் வாசலே எரிந்தால் இனி யாரைக் காலி செய்யச் சொல்வார்? வீடு தப்பியது!

ராமசேஷனின் முகம் வெளிறிப் போயிருந்தது. "அபாண்டம்! எங்காத்துல வெங்காயமே அமாவாசைக்குக் கிடையாது. தூள்ல கோளாறு. இதோ பாருங்கோ" என்று மறுபடி குனிந்தார். கோலத்துக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து, "இது தப்பு!" என்றார்.

அவர் முகத்துக்கு நேரே இருந்த புள்ளிகள் பளிச்சென்று எரிந்து தணிந்தன.

"சுத்தத் தப்பு!"

மறுபடியும் எரிந்தன.

கூட்டம் கைதட்டியது. எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றது. சமையலறை வாசனை கதவிலிருந்து பரவலாக வரும். இது அவர் பேசும்போதெல்லாம் கூடுகிறது. அவர் மூச்சில் இருக்கிறது. கருவாடு தொடாத மனிதர் மூச்சில் அமீன் எப்படி வரும்? சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டியதைத் தள்ளாவிட்டால் வரும். மீன் சோதனைக்காகப் படித்த கட்டுரைகளில் ஓர் ஓரமாகப் படித்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து வடிவிடம் சொன்னேன். "அவர்கிட்ட சொன்னா தூள் சரிங்கிறது உறுதியாயிரும். ஊதா விளக்கை எடுக்க மாட்டாரு. அதோட அவர் நம்பணும்னா, நெசக் கருவாடு எப்படி எரியும்னு காட்டணும். காட்டினா நம்ம வீடு போச்சு."

வடிவு சமையலறைக்குப் போய்ப் பரணில் இருந்த பொட்டலத்தை எடுத்து வந்து என் கையில் வைத்தாள்.

"எங்கம்மா வீட்டுக்கு எப்ப வேணாலும் போய்க்கிடலாம். கூட்டிட்டு வாங்க அவர."

ராமசேஷன் வந்தார். எங்கள் வாசல் தாமரைக்கு அருகே காகிதத்தைப் பிரித்தேன். கோலம் முழுக்க ஒரே சீராகப் பற்றிக்கொண்டது. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு, கொஞ்சம் பொறுத்துத் திரும்பி வந்தேன். கோலம் தணிந்திருந்தது.

"இப்ப நீங்க ஊதுங்க சார்."

ஊதினார். ஊதிய இடம் மட்டும் எரிந்தது. நானும் ஊதினேன். அசையவில்லை. வடிவு ஊதினாள். அசையவில்லை.

அவர் கோலத்தைப் பார்த்தார். பிறகு பொட்டலம் போன திசையைப் பார்த்தார்.

"அப்ப உங்காத்துல..."

"ஆமா சார். ஞாயித்துக்கிழமை. சில வாரம் புதனும்."

"ரூல் தெரியுமோல்லியோ?"

"தெரியும் சார். காலி பண்ணிருதோம். நீங்க முதல்ல டாக்டர்கிட்ட போய் கிட்னிக்கு ரத்த டெஸ்ட் எடுங்க."

"கிட்னி சிக்னல் சிவப்பா, மஞ்சளா?"

"மஞ்சள் சார். நோயை நிறுத்திரலாம்."

டாக்டரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியிருக்கிறது, நல்லவேளை சீக்கிரம் வந்தீர்கள், மருந்தோடு உப்பைக் குறைத்துப் பருப்பை அளந்து சாப்பிட்டால் பிடித்து நிறுத்தலாம். திரும்பி வரும் வழியில் ஆட்டோவில் ராமசேஷன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வசுதாவுக்குத் தெரியப்படாது. நார்வேல மேல்படிப்புக்கு இடம் கிடைச்சிருக்கு. இவ அம்மா போனதுலேர்ந்து எது வந்தாலும் 'அப்பா தனியா இருப்பா'ன்னு தள்ளிப் போட்டுண்டே இருந்தா. இப்பதான் மனசு மாறி டிக்கெட் எடுத்திருக்கா. இது தெரிஞ்சா கிழிச்சுப் போட்டுடுவா."

"கோலம் ஏன் எரிஞ்சுதுன்னு கேப்பாளே சார்?"



அதற்குப் பதிலை அவர் பொதுக்குழுக் கூட்டத்தில் சொன்னார். மொட்டைமாடி ஷாமியானாவுக்குக் கீழே எல்லோரும் வாழைக்காய் பஜ்ஜியோடு உட்கார்ந்திருக்க, தணிகாசலம் எழுந்து, "வாசல் எரிஞ்ச விவகாரத்துக்குச் செயலாளர் விளக்கம் குடுக்கணும்" என்றார்.

ராமசேஷன் மைக்கைப் பிடித்தார். முன்வரிசையில் வசுதா.

"தூள்ல ஒரு கோளாறும் இல்லே. நான்தான் கருவாடு சாப்ட்டேன்."

பஜ்ஜி மெல்லும் சத்தம் நின்றது.

"வெளியில வாங்கிண்டு வந்தேன். ஆசை யாரை விட்டது? நானே தப்பு பண்ணிட்டு இன்னொருத்தரைக் காலி பண்ணச் சொல்றது நியாயமில்லே. அடுத்த கூட்டம் வரைக்கும் அந்த ரூலை நிறுத்தி வைக்கறேன்."

எழுபது வருடம் சுத்தமாகக் காத்த பெயரை ஒரு வாக்கியத்தில் தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.  மேலே என்ன கேட்பது என்று தணிகாசலத்துக்கே தெரியவில்லை. கூட்டம் கலைகிறபோது அவர் செயலாளரை ஓரமாக அழைத்துப் போய், "சார், எந்தக் கடைன்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டதை நான் என் காதால் கேட்டேன்.

எங்களுக்குத் தவணைதான் கிடைத்தது, விடுதலை கிடைக்கவில்லை. அடுத்த கூட்டம் வரை வீடு உண்டு. அதற்குள் ராமசேஷனே மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"விபரீதம் ஓய்! வசுதா 'யாருப்பா சமைச்சுக் குடுத்தா'ன்னு கேட்டா. எனக்கு அடுப்புப் பத்தவைக்கவே தெரியாதுன்னு அவளுக்குத் தெரியும். வாய் தவறி வடிவுன்னு சொல்லிட்டேன். இப்ப என்னடான்னா, ஊருக்குப் போறதுக்கு முன்ன உங்க ரெண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிடறாளாம். வடிவு கருவாடு பண்ணி எடுத்துண்டு வரணுமாம். 'அப்பாவுக்குப் பிடிச்சதை அப்பா சாப்பிடறதைப் பாத்துட்டுத்தான் ஃப்ளைட் ஏறுவேன்'கறா!"

"சாப்பிட்ருவீங்களா சார்?"

"பிராணன் போனாலும் முடியாது. டாக்டரும் கூடாதுன்னுட்டாரே. வாழ்க்கைல முதல் தடவையா டாக்டரும் எங்க தாத்தாவும் ஒரே கட்சி."

வடிவு யோசித்தாள். இத்தனை நாளாகக் கருவாட்டைச் சைவம் போல மறைத்துச் சமைத்தவள், அந்த ஞாயிற்றுக்கிழமை வாழைக்காயைக் கருவாடாக மாற்ற உட்கார்ந்தாள். மெல்லிசாக நெத்திலி கனத்துக்குச் சீவி, வெயிலில் வாட்டி, மிளகாய்த்தூள் பிசறி, கறிவேப்பிலையோடு மொறுமொறுவென்று பொரித்தாள். அதற்கென்று புதுச் சட்டி வாங்கியிருந்தாள்.

"பழைய சட்டியிலயே பொரிச்சா வாசனை வரும்லா? வசுதா நம்பிருவா" என்றேன்.

"ஒரு மனுசனைக் காப்பாத்தப் பொய் சொல்லலாம். அவருக்குத் தெரியாம அவர் வயித்துல நம்ம சட்டியப் போடக் கூடாது" என்றாள்.

டாக்டர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு உப்பு மட்டும் ஒரு கல்கூடப் போடவில்லை.

அவர்கள் வீட்டில் வசுதா இலை போட்டாள். அப்பாவின் இலையில் தானே பரிமாறினாள். ராமசேஷன் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டார். வாழைக்காய்தான் என்று தெரிந்தும் அவர் முகம் கோணியது. அதுவும் நல்லதுக்குத்தான், நம்பும்படி இருந்தது.

"எப்படிப்பா இருக்கு?"

"பேஷ்! மீன்... மீனாட்டமே இருக்கு."

வசுதா சிரித்துக்கொண்டே தானும் ஒன்றை எடுத்துக் கடித்தாள். மென்றாள். மெல்வது மெதுவாகி நின்றது.

"வடிவக்கா, கருவாட்டுல ஏன் உப்பே இல்ல?"

வடிவு என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"கருவாடுன்னாலே உப்புதானே? உப்புல ஊறாம அது எப்படிக் கருவாடாகும்? இது வாழைக்காய்."

ராமசேஷன் கண்ணைத் திறந்தார்.

"கருவாட்டுல உப்பு இருக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

 வசுதா இலையைப் பார்த்தபடி சொன்னாள்.

"காலேஜ்ல... என் ரூம்மேட் ராமேஸ்வரம். லீவு முடிஞ்சு வரப்போல்லாம் எடுத்துண்டு வருவா."

"ஒரு தடவை சாப்ட்டியா?"

"நாலு வருஷம் சாப்ட்டேன்ப்பா."

ராமசேஷன் தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்காமல் கீழே வைத்தார். கிட்னி ரிப்போர்ட்டைப் பார்த்தபோதுகூட அவர் முகம் இப்படி ஆகவில்லை.

"இரு. நீ சாப்பிடறது வாழைக்காய்" என்று வசுதா தலையை நிமிர்த்தினாள். "நீ கருவாட்டையே பாத்ததில்ல. அப்ப நம்ம கோலம் ஏம்ப்பா எரிஞ்சுது?"

"முதல்ல நீ சொல்லு. நாலு வருஷம் என்கிட்ட ஏன் மறைச்சே?"

"நீ வருத்தப்படுவேன்னு. நீ சொல்லு. எதை மறைக்கறே?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். மூக்கு போனது, மூச்சில் கண்டது, டாக்டர் சொன்னது. வசுதா அழுதாள், கோபித்தாள், நடுவில் எழுந்து போய் ரிப்போர்ட்டை எடுத்து வந்து படித்தாள். என்னிடம் நாலு கேள்வி கேட்டாள். வடிவிடம் கைக்குட்டை வாங்கிக்கொண்டாள்.

"டிக்கெட்டைக் கேன்சல் பண்ணப் போறியா?" என்றார் ராமசேஷன். பள்ளிக்கூடப் பையன் ஹெட்மாஸ்டரிடம் கேட்பது போல இருந்தது.

"மாட்டேன். போகத்தான் போறேன். ஆனா தினம் சாயங்காலம் வீடியோல வந்து நீ கோலத்து மேல ஊதணும். நான் பாப்பேன். இன்னிக்கு நேத்தைவிட ஜாஸ்தி எரிஞ்சுதோ, மறுநாளே வந்து நிப்பேன்."

"கோலம் யார் போடுவா?"

"நீதான். கத்துக்கோ."

அவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, இலையில் மிச்சமிருந்த உப்பில்லாத கருவாட்டை ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார். அது வாழைக்காய் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு நன்றாகவே இறங்கியது. பாதியில் ஏதோ நினைவு வந்தது போல என் பக்கம் திரும்பினார்.

"சங்கரலிங்கம், அடுத்த கூட்டத்துல அந்த ரூலையே எடுத்துடணும் ஓய். இவ லீவுக்கு வந்தா எங்க தங்குவா?"

வடிவு எழுந்து சமையலறைக்குப் போய், வசுதாவின் இலை ஓரத்தில் மட்டும் கொஞ்சம் உப்பு வைத்தாள்.